குளிசை

நூறு கலம் எண்ண வேண்டும்.
இடது விரல் எண்ணியின் பொத்தானில்,
வலது கை தகட்டை நகர்த்தும்.
நீக்கிலாஸ், வயது நாற்பத்தாறு, குருநகர்.
அறுபத்தெட்டு முதிராதவை.
ஊதாச் சாயம் குடித்து, வீங்கிய கருவோடு
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன,
புயல் எச்சரிக்கை நாளில்
ஒரே இறங்குதுறையில் கட்டிப்போட்ட படகுகள் மாதிரி.

கலம் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள்.
நீக்கிலாஸுக்குக் கலம் என்றால் வேறு.
ஊசி குத்தும்போது கேட்டார்:
"பிள்ளை, ஓட்டை எதில? எனக்கோ, அதுகளுக்கோ?"

நேற்றிரவு கரண்ட் போனபிறகு
கைபேசி வெளிச்சத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை.
களியாட்டங்களில் விழுங்குகிற குளிசை,
விடிய விடிய ஆடவைக்கிறது,
வாகீசனின் காற்சட்டைப் பையில் நாலு கிடந்ததே, அது.
அதன் மூலக்கூற்றை ஆரோ திருத்தியிருக்கிறார்கள்,
மூளையை மயக்கும் பக்கத்தைக் குறைத்து
கொழுப்பில் கரையும் பக்கத்தைக் கூட்டி.
இப்போது அது இரத்தப் புற்றின் கலங்களுக்குள் போகிறதாம்.
மென்சவ்வில் புகுந்து, சவர்க்காரம் போல இளக்கி
அடிப்பலகையைக் கழற்றிவிடுகிறதாம்.
கலம் தாழ்கிறது.

கண்ணாடிக் கிண்ணத்தில்.
கிண்ணத்தில் மட்டும்.
அந்த வரியை இரண்டுதரம் வாசித்தேன்.
பழைய குளிசையையே அந்த அளவுக்குக் கொடுத்தால்
புற்றுக்கு முந்தி ஆள் போய்விடும் என்றும் இருந்தது.

போன ஞாயிறு, மறியலில், கம்பிக்கு அப்பால் வாகீசன்.
நான் கொண்டுபோன பாணை
காவலர் நடுவால் பிய்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார்.
"அம்மா இன்னும் கதைக்கமாட்டாவோ அக்கா?"
பிறகு, பொலிசுக்குச் சொல்லாத ஒன்றை
எனக்குச் சொன்னான்:
"அண்டைக்கு ஒருநாள்தான்,
அவ்வளவு சனத்துக்குள்ள
பின்னால ஆர் நிக்கிறாங்கள் எண்டு
நான் திரும்பிப் பாக்கேல்ல."

வாற ஞாயிறு அவனுக்குக் கட்டுரையைப் பற்றிச் சொல்லமாட்டேன்.
சொன்னால் நியாயம் பிடிப்பான்.
விடுதியில் நீக்கிலாஸுக்கும் சொல்லமாட்டேன்.
சொன்னால் நம்பிவிடுவார்.

கொழும்புக்குப் போன நாலு குளிசைக்கும்
பகுப்பாய்வு அறிக்கை இன்னும் வரவில்லை.
என் அறிக்கை பன்னிரண்டு மணிக்குள் போகவேண்டும்.
அறுபத்தெட்டு என்று எழுதினேன்.
கையெழுத்து வைக்கமுன் ஏதோ உறுத்த,
தகட்டைத் திரும்ப வைத்து, எண்ணெய்த்துளி விட்டு
முதலிலிருந்து எண்ணினேன்.

எழுபத்தொன்று.