இரண்டாவது தெறி

வூப்பர்ட்டால் வீட்டு நிலவறையில் தண்ணீர் ஏறிய கிழமை
காய வைக்கவென்று மேலே கொண்டு வந்த பெட்டியில்
இருந்தன படங்கள்.
எண்பத்தைந்து, பங்குனி. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து.
சிவப்பு ஓப்பல் காரில் சாய்ந்தபடி அப்பா.
காதை மூடிய தலைமயிர், கம்பளிப்பூச்சி மீசை,
மண்ணிறக் கோட்டு,
வலது கை நெஞ்சில், ஏதோ சத்தியம் செய்பவர் போல.

அதே கார், அதே கோட்டு, அதே கை, வரோதயன் மாமா.
அதே கை, பரராசசிங்கம்.
பெயர் மறந்துபோன ஒருவர்.
மணிக்கட்டுக்கு எட்டாத கோட்டுக் கையோடு நெடுவல் குணம்.
கடைசியாக, ஈரத்தில் ஓரம் சுருண்ட தவநேசன்.

என்ன ஸ்டைல் அப்பா, என்றேன்.
அந்தக் காலத்து ஆக்களுக்கு நிற்கத் தெரிந்திருக்கிறது.

அப்பா தலைமயிர் காயவைக்கும் மெசினால்
படங்களுக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்.
"ஸ்டைலும் மண்ணாங்கட்டியும்.
கோட்டில ரெண்டாவது தெறி இல்லை.
அதை மறைக்கத்தான் கை."

பழஞ்சாமான் சந்தையில் எட்டு மார்க்.
உள்மடிப்பில் எச். கே. என்று யாரோ நூலால் எழுதிய எழுத்து.
அந்த எச். கே.யும் ஒரு சனி இரவு
இதைப் போட்டுக்கொண்டு நடனத்துக்குப் போயிருக்கலாம்,
தெறியை ஒருத்தியின் மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கலாம்.
குளிருக்கு ஆகாத கோட்டு. படத்துக்கு ஆகும்.
கார்க்காரர் தொங்கு ரயில் ஏறிப் போனதும்
படிகளில் இறங்கி வருவார்களாம்
கோட்டைக் கைமாற்றியபடி,
ஆறு தலைக்கும் ஒரே சீப்பு.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
ஒருவர் தலையை ஒருவர் வெட்டிய சனிக்கிழமைகள்,
விரித்த விளம்பரத் தாளில்
இறைச்சி விலைகளின் மேல் விழுந்த சுருள் மயிர்,
மஞ்சள் தொலைபேசிக் கூண்டுக்குள் இரண்டு பேர்,
காசு போட ஒருவர், அழ ஒருவர்.
நானும் அங்கே இருந்திருக்க வேண்டும்
என்று வாய் தவறிச் சொன்னேன்.
அப்பா மெசினை நிறுத்தினார்.
"அறை முழுக்க சொக்ஸ் மணம் பிள்ளை," என்றார்.
திரும்பவும் போட்டார்.

தவநேசன் மட்டும் சிரித்துவிட்டார்.
கை கீழே.
ஓட்டை தெரிகிறது, அதில் தொங்கும் ஒரு நூல் தெரிகிறது.

பத்து வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில்தான்
வெளியே வந்ததாம் இது:
நெல்லியடித் தபால் கந்தோர் வாசலில்
தவநேசனின் அம்மா படத்தை எடுத்துக் காட்ட,
பரராசசிங்கத்தின் அம்மாவும் தன் பைக்குள் கை விட்டார்.
இருவரும் கோட்டைப் பார்த்தார்கள்.
இருவரும் காரைப் பார்த்தார்கள்.
"நல்லாய் இருக்கிறாங்கள்."
"ஓம், கொஞ்சம் சதை வைச்சிருக்கு."
பஸ் வந்தது.

தவநேசனுக்கு வந்த அடுத்த கடிதம் தடித்திருந்தது.
சுற்றிவளைப்பு, மாமரம் முறிந்தது, மாடு கன்று போட்டது,
கடைசி வரியில்
"பிள்ளையள், குளிர் உள்ள போகாமல் தைச்சுப் போடுங்கோ."
பிள்ளையள் என்று எழுதியிருந்தார்.
உறைக்குள் ஒரு வெள்ளைச் சட்டைத் தெறி,
நாலு முழம் மண்ணிற நூல்.

கோட்டு எங்கே என்று கேட்டேன்.
குணம் கனடாவுக்குக் கொண்டு போனவரோ,
பழைய உடுப்புத் தொட்டியில் போட்டதோ,
ஞாபகமில்லை.

ஞாயிறு அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போனேன்.
ஓப்பல் நின்ற இடத்தில் மின்சாரம் ஏற்றும் கம்பம்,
வயரில் கட்டுண்டு யாருடையதோ வெள்ளைக் கார்.
சாய்ந்தால் அலாரம் அடிக்கும், என்றார் அப்பா.
அக்கம் பக்கம் பார்த்தார்.
சாய்ந்தார்.

போனை உயர்த்தினேன்.
நீல ஜக்கெற், ஸிப் வைத்தது,
கழுத்து வரை இழுத்துப் பூட்டியிருந்தது.
வலது கை
தன்பாட்டில் மேலே போயிற்று.