அரை டம்ளர் கொசுறு

ஆறு வாரம் கொடுத்திருக்கிறது கம்பெனி.
அதற்குள் நான் ஸ்பானிஷ் பேசியாக வேண்டும்,
உப்புப் பாலைவனத்தின் லித்தியக் கணக்கைப்
படித்துக் கையெழுத்திடும் அளவுக்காவது.

சுக்ரே.
சுவர் வெள்ளை, மணிக்கூண்டு வெள்ளை,
கல்லறைத் தோட்டத்து வாசலும் வெள்ளை.
வருஷா வருஷம் அடித்தே ஆக வேண்டுமாம்.
மேட்டுத் தெருவில் நான் பாதி ஏறுவதற்குள்
மூச்சு எனக்கு முன்னால் ஓடிப்போய்
ரெகொலேத்தா வளைவுகளில் உட்கார்ந்திருக்கிறது.

வகுப்பில் மூன்று பேர்.
பெரோ என்றால் 'ஆனால்'.
பெற்ரோ என்றால் நாய்.
டச்சுக்காரன் யோஸ்டுக்கு
நாய் வரவே மாட்டேன் என்கிறது.
எனக்கு முதல் அழைப்பிலேயே வந்தது.
மரத்துக்கும் மறத்துக்கும் நடுவில்
ஒன்பது வயதில் வாங்கிய குட்டு
இத்தனை கடல் தாண்டி
வட்டியோடு வரவாகியது.

முட்டியது வேறு இடத்தில்.
இருப்பதற்கு அவர்களிடம் இரண்டு வினைச்சொல்:
ஆளாக இருப்பதற்கு ஒன்று,
களைப்பாக இருப்பதற்கு ஒன்று.
'நான் கணக்காளர்' என்று எழுதியிருந்தேன்.
நில்டா நடுவில் வட்டம் போட்டாள்.
வினை எங்கே?
எங்களுக்கு அங்கே வினை கிடையாது, செஞோரா.
நான். கணக்காளர். அவ்வளவுதான்.
'அப்படியானால் நீங்கள்
இருக்காமலே இருப்பவர்கள்'
என்று சிரித்தவள்
மதிப்பெண்ணை மட்டும் குறைத்தாள்.

சனிக்கிழமை டைனோசர் தடம் பார்க்கப் போனோம்.
சிமெண்ட் ஆலைக்காரர்கள் தோண்டத் தோண்ட
வெளியே வந்த சுவர்.
ஒரு காலத்தில் ஏரிக்கரைச் சேறு;
பூமி புரண்டு படுத்ததில் செங்குத்தாக நின்றுவிட்டது.
ஒரு பெரிய கால். பக்கத்தில் ஒரு சின்னக் கால்.
வானத்துக்கு வழி தெரிந்தவைபோல்
மேலே மேலே போகின்றன.
கொரியாவிலிருந்து வந்த போமி கேட்டாள்:
நடந்தன என்பதா, நடந்துகொண்டிருந்தன என்பதா?
நில்டா தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள்.
'போய்ச் சேர்ந்தது தெரிந்தால், முதலாவது.'
பேருந்து ஹாரன் அடித்தது.

சந்தையில் பழச்சாறுக் கடைகள் வரிசையாக.
தோஞா எவுஸ்தாக்கியா
உயர்ந்த மேடையில், இரட்டைப் பின்னலோடு,
மிக்ஸிகளுக்கு நடுவே நீதிபதிபோல.
சிரிமோயா கேட்டேன்.
நம் சீத்தாப்பழத்துக்குப் பெரியம்மா முறை,
அதே கறுப்புக் கொட்டை, அதே மணல் இனிப்பு.
குடித்து முடிக்கவும் டம்ளரைப் பிடுங்கினாள்,
மிக்ஸியின் மிச்சத்தை ஊற்றினாள்.
'யாப்பா.'

'கொசுறு!' என்று கத்திவிட்டேன், தமிழில்.
பக்கத்துக் கடை திரும்பிப் பார்த்தது.
அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்,
புளிப்பா என்று சோதிப்பதைப்போல.

யாப்பா ஸ்பானிஷ் இல்லையாம். கெச்சுவா.
அதில் இன்னொன்றும் உண்டு என்றாள்.
ஞொகாஞ்சிக்:
கையை வீசி ஒரு வட்டம்,
உள்ளே அவள், நான், முக்காலி, ஈ எல்லாம்.
ஞொகாய்க்கு:
அதே கை நெஞ்சுக்குத் திரும்பியது,
அவளும் டம்ளர் கழுவும் மகளும் மட்டும்.
நான் வெளியே.

நாம்.
நாங்கள்.
'நொசோத்ரோஸ்' என்று ஸ்பானிஷ்
ஒரே சாக்கில் கட்டிவிட்ட இரண்டும்
பழத்தோல்களுக்கு நடுவே
தனித்தனியாக உட்கார்ந்திருந்தன.

ஊர் விட்டு ஊர் எதற்கு வந்தாய் என்றாள்.
வேலை. உயூனி. உப்புவெளி.
அங்கே என்ன?
தப்பில்லாமல் சொன்னேன், வினையை மறக்காமல்:
நொசோத்ரோஸ் லித்தியம் எடுக்கப் போகிறோம்.

அவள் கை மறுபடி எழுந்தது.
வட்டம் போட்டது. நெஞ்சுக்குத் திரும்பியது.
எது?

யாரோ பப்பாளி கேட்டார்கள். மிக்ஸி ஓடியது.
அரை டம்ளரை
வைக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல்
கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.

திங்கட்கிழமைப் பயிற்சி: பன்மையில் பத்து வாக்கியம்.
எழுதிவிட்டேன், நில்டா வட்டம் போட ஒன்றுமில்லை.
ஓரத்தில் மட்டும் பென்சிலால்,
ஒவ்வொரு வரிக்கும்,
'நா'
என்று தொடங்கி
மீதியை எழுதாமல் விட்டிருக்கிறேன்.