செங்குத்தாக நான்கு மீட்டர்

லியுப்லியானாவில், கலைப்புல அலுவலகத்தில்,
இரண்டாம் மாடி, ஜன்னல் இல்லாத பக்கம்
என் மேசை.
ஓவியம் எனக்குத் தெரியாது.
ரசீது தெரியும்.

முனைவர் மாணவர்கள் ஒன்பது பேர்.
உதவித்தொகை மூன்றரை ஆண்டு.
அதற்குள் யாரும் முடிப்பதில்லை என்பது
கொடுப்பவருக்கும் தெரியும்.
சிற்பங்களின் உடைந்த மூக்குகளைத் தேடி ஒருவன்
வியன்னாவுக்கு, இரண்டாம் வகுப்பு.
ஒருத்திக்கு ஒரே ஒரு படத்தின் அச்சுரிமை,
நூற்றெண்பது யூரோ:
செத்து நானூறு வருடமான நாய் ஒன்று
யாரோ ஒரு சீமாட்டியின் மடியில்.

நேஷா ரோஸ்மான் அனுப்பியது இது:
பூசைத் துண்டறிக்கையின் பின்பக்கம், பென்சிலில்,
"ஏணி, அரை நாள், பதினைந்து யூரோ."
கீழே கோவில்பிள்ளையின் கையெழுத்து.
ஒரு மெழுகுச் சொட்டு.

திருப்பி அனுப்பினேன்.
பயணம், தங்கல், நகல், உரிமைக் கட்டணம்;
படிவத்தில் ஏணிக்கு இடமில்லை.
மறுபடி வந்தது, உபகரணம் என்று.
உபகரணமென்றால் வாங்கியிருக்க வேண்டும்,
வாங்கியதற்கு எண் ஒட்ட வேண்டும்.
திருப்பினேன்.
மூன்றாம் முறை ஒரே வரி:
"அந்தச் சுவர் கீழிருந்து தெரியாது, ஐயா."

மார்ச்சில் ஒரு ஞாயிறு, ஏனென்று கேட்காதீர்கள்,
ஷ்கோஃபியா லோகா வரை பேருந்து,
அப்புறம் மலைச்சேற்றில் ஒரு மணி நேரம்.
கோவில்பிள்ளை என்னிடமும் பதினைந்து கேட்டார்.
நான் ரசீது கேட்கவில்லை.

குழந்தையைத் தோளில் வைத்து
ஆற்றைக் கடக்கிறார் புனிதர், சுவர் முழுக்க.
பாதத்தருகே மீன்கள். அதுவரை எல்லோருக்கும் தெரியும்.
முழங்காலுக்குச் சற்று மேலே
சுண்ணாம்பு ஈரமாயிருந்தபோது
ஆணியால் கீறிய கோடுகள்.
எண்ணினேன். பத்தொன்பது.
பதிமூன்றைக் குறுக்கே அடித்திருந்தான்.
மிச்சம் ஆறு அப்படியே.
நிலுவை எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும்,
இருபத்திரண்டு வருடமாக அதைத்தானே பார்க்கிறேன்.

ஏணி ஆடியது.
கோவில்பிள்ளை ஒரு கையால் பிடித்தபடி
போனில் உருளைக்கிழங்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை படிவத்தை நிரப்பினேன்.
வகை: பயணம்.
புறப்பாடு: தரை.
சேருமிடம்: புனிதரின் முழங்கால்.
தூரம்: நான்கு மீட்டர், செங்குத்தாக.
முத்திரை வைத்தேன்.
மேலே யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் இருபதில் பணம் போனது.
மே இரண்டில் திரும்பி வந்தது.
அவள் உதவித்தொகை பிப்ரவரியோடு முடிந்து
வங்கிக் கணக்கையும் மூடிவிட்டாளாம்.
ஏற்றிவிட்டு ஏணியை எடுப்பது என்பார்களே,
அதற்கும் படிவத்தில் இடமில்லை.
மாரிபோரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள்,
இரவில் எழுதுகிறாள் என்றார்கள்.
எழுதவில்லை என்றும் சொன்னார்கள்.

அந்தப் பதினைந்து யூரோவை
எந்தப் பத்தியிலும் சேர்க்கவில்லை நான்.
பேரேட்டின் ஓரத்தில்
ஒரு கோடு மட்டும்,
பென்சிலால்.
குறுக்கே அடிக்கவில்லை.