சாயம் பிடித்த இடம்

பனகல் சாலை, மூன்றாம் மாடி.
கீழே ஷேர் ஆட்டோக்காரர்கள்
கோரிப்பாளையத்தைக் கூவுகிறார்கள்.
நான் கொ. ரா. சாந்தாராமின் சிறுநீர்ப்பையைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
நான்கு மைக்ரான் தடிமனில்.

முப்பது வருடம் சாயப்பட்டறை.
சிறுநீர் சிவந்தபோது
பட்டறைச் சாயம்தான் இறங்குகிறது என்று
மூன்று மாதம் வீட்டில் சமாளித்திருக்கிறார்.
இப்போது அவருக்கே சாயம் போட்டிருக்கிறேன்.
சதைக்கு ரோஜா, கருவுக்கு ஊதா.
பார்த்தால் திட்டுவார்,
ஒரு மூலையில் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது.

போன வாரம் இன்னொருவருக்கு
அடர் ஊதாப் புள்ளிகள், கடுகு சிந்தினாற்போல்,
கட்டியின் விளிம்போடு நின்றுவிட்டன,
பூட்டிய கடை முன் கடன் கேட்டு வந்தவர்கள் மாதிரி.
உள்ளே ஒன்றுகூட இல்லை.
அன்று நான் டீக்கு இறங்கவில்லை.

இவருக்கு
நுழைந்திருக்கிறார்கள்.
நாற்பது, நாற்பத்தொன்று,
புற்றின் இடுக்குகளில் தோளைச் செருகி,
எண்ணிக்கை தப்பி
மறுபடி ஒன்றிலிருந்து.

உள்ளே ஆள் இருந்தால் நாள் கூடும் என்கிறார்கள்.
எல்லாருக்கும் அல்ல.
எத்தனை நாள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.
படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
தசையைத் தொட்டதா என்பதற்கு உண்டு:
தொட்டிருக்கிறது.

கையெழுத்துக்குக் கீழே பேனாவால் எழுதினேன்,
நிணநீர் அணுக்கள், கட்டிக்குள்ளேயே, நிறைய.

கவுண்டரில் அவர் மனைவி
உறையைப் பிரிக்காமலே கேட்டாராம்,
"நல்லதா போட்டிருக்கா?"

"ஒரு வரி மட்டும்
கையால எழுதியிருக்கு" என்றாளாம்
அமலோற்பவம்.