விளிம்பில் ஒரு எழுத்து

டகோமாவில் மழை பெய்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
பச்சை மழைக்கோட்டில் ஒருத்தி கடைக்குள் வந்து
நான்கு ஜோடி பிரேக் பேட் கேட்டாள்.
எந்த வண்டிக்கு என்றேன்.
எந்த வண்டிக்கும் இல்லை என்றாள்.

சோல்வெய்க். சுற்றுச்சூழல் துறை.
காசு கொடுத்துத்தான் வாங்கினாள்,
ரசீதை மடித்து உறைக்குள் வைத்தாள்.
பிறகு பேட்டைத் திருப்பி
விளிம்பில் அச்சடித்த எண்களின் வாலில்
கடைசி எழுத்தை நகத்தால் தொட்டாள்:
ஏ என்றால் கல்நார் இல்லை, ஈயம் இல்லை,
செம்பு எவ்வளவும் இருக்கலாம்.
பி என்றால் நூற்றுக்கு ஐந்துக்குள்.
என் என்றால் அரைக்குள்.

பதினோரு வருடம் இதே கவுண்டர்.
அந்த எழுத்தை ஒருநாளும் படித்ததில்லை.

செம்பு என்ன விஷமா, என் வீட்டுக் குழாயே செம்புதான்
என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
அவள் சண்டைக்கு வரவில்லை.
மீனைப் பற்றிச் சொன்னாள்.

ஓடையில் கோஹோ சால்மன் குஞ்சு,
விரல் நீளம்.
மேலே எங்கோ இன்னொரு மீன் கடிபட்டால்
கிழிந்த தோலின் வாடை நீரில் இறங்கி வரும்.
வாடை பட்டதும் குஞ்சு அசையாமல் நிற்கும்.
அப்படி நின்றதுதான் பிழைக்கும்.
செம்பு கலந்த நீரில் அதன் மூக்கு அவிந்துபோகும்.
நிற்காது.
நீந்திக்கொண்டே போகும், பற்களை நோக்கி.

ஒருமுறை மிதித்தால் எவ்வளவு உதிரும் என்று கேட்டேன்.
கண்ணுக்குத் தெரியாது என்றாள்.
சன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை
சிவப்பு விளக்குகளாக ஊர்ந்தது.
நாங்கள் நிற்க நிற்க
அது நிற்க மறக்கிறது.
இதை அவளிடம் சொல்லவில்லை,
கடையைப் பூட்டும்போதுதான் தோன்றியது.

நான் வேலைக்குச் சேரும் முன்பே போட்ட சட்டம்.
அப்போதே மிதித்துவிட்டார்கள்,
இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது.
பழைய சரக்கை விற்றுத்தீர்க்க அவகாசம்,
அவகாசத்தின் வால் இந்த டிசம்பர்.

பதின்மூன்றாம் தேதி லோர்னா பெட்டிபோன் வந்தாள்.
இரவில் மருந்து விநியோகம், பகலில் பள்ளிப் பேருந்து.
காரின் முன்சக்கரம் இரும்போடு இரும்பாய் அலறுவது
உள்ளேவரை கேட்டது.
கையில் முப்பத்தொரு டாலர்.
என் போட்டது நாற்பத்தெட்டு.
பின்னறையில், தூசியோடு, தள்ளுபடிச் சீட்டு ஒட்டிய
பெட்டி ஒன்று. இருபத்தாறு.
திருப்பிப் பார்த்தேன். ஏ.

சட்டப்படி இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

பதினேழு டாலர் என் சட்டைப்பையிலும் இருந்தது.
அதை எடுத்தேன் என்று எழுத ஆசைதான்.
எடுக்கவில்லை. பில் போட்டேன்.
ஐந்து டாலர் மீதியை அவள் எண்ணிப் பார்த்தாள்.

வாசலிலேயே ஜாக்கி வைத்து
அவள் தம்பி மாட்டினான், மழையில் நனைந்தபடி.
புறப்பட்டவள் ஒருமுறை சோதித்துப் பார்க்க
சாக்கடை மூடியருகே அழுத்தி நிறுத்தினாள்.
மூடிக்குப் பக்கத்தில் யாரோ பள்ளிப் பிள்ளைகள்
நீல வண்ணத்தில் ஒரு மீன் வரைந்திருந்தார்கள்,
வாலில் பாதி தேய்ந்திருந்தது.

கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலை உயர்த்தினாள்.
நல்ல பேட்.
ஒரு சத்தமும் இல்லை.