தசமப் புள்ளிக்குப் பிறகு

குமாசி. சுவாமே பட்டறைத் தெருக்கள்.
மழை விட்டும் குட்டைகளில் டீசல் வானவில்.
புள்ளியியல் துறை தந்த டேப்லெட்டை
சட்டைக்குள் மறைத்தபடி
நாற்பத்தொன்றாவது வாசலில் நிற்கிறேன்.

"வேலையாட்கள் எத்தனை பேர்?"

செர்வா நிமோ வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"மின்சாரம் இருக்கிற நாளிலா, இன்றைக்கா?"

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
பதினொன்று என்று போட்டேன்.
கணக்கு எழுதும் தங்கை கணவனைச் சேர்த்தால் பன்னிரண்டு.
அவனுக்குச் சம்பளம் கிடையாது, சோறு உண்டு.
அதற்கும் கட்டமில்லை.

அவள் செய்வது மரவள்ளி துருவும் இயந்திரம்.
செத்த லாரியின் அச்சு,
ஆணியால் ஆயிரம் தடவை குத்திய தகடு,
எங்கிருந்தோ வந்த மோட்டார்.
போன மாதம் ஒன்று டெச்சிமன் போயிற்று.
அங்கே ஆறு பெண்கள் துருவிய கிழங்கு
பிழிந்து, புளித்து, வறுபட்டு,
ஃபுசேனியின் மூன்று சக்கர வண்டியில் மூட்டையாய் ஏறி
ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் மதியச் சோறாகிறது.
மூட்டை தைக்கச் சணல் விற்றவன்
கூரைக்குத் தகரம் வாங்கினான்.
தகரம் விற்றவன் நேற்று இங்கே வந்து
இரும்பு கேட் ஒன்றுக்கு அளவு கொடுத்தான்.

'ஆஹா, எப்படிச் சுற்றி வருகிறது' என்றேன்.
'முன்பணம் தரவில்லை' என்றாள்.

அடுத்த கேள்வி: கடன்.
"குழுக்கடன்காரர்களுக்கு நான் ரொம்பப் பெரியவள்.
வங்கி மேனேஜருக்கு நான் ரொம்பச் சின்னவள்.
உரலுக்கு ஒரு பக்கம்தானே இடி?
என் பாடு மத்தளம்."
பிறகு குரலைத் தாழ்த்தாமலே:
"மாவட்டப் பள்ளிகளுக்கு அறுபது பெஞ்சு அடித்துக் கொடுத்தேன்.
பதினான்கு மாதம் ஆயிற்று.
அரசாங்கம் என்னிடம் பட்ட கடனை
எந்தக் கட்டத்தில் எழுதுவாய், தம்பி?"

'இதர குறிப்புகள்' என்றிருந்த இடத்தில்
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது அது.
அறுபது பெஞ்சு, பதினான்கு மாதம்,
அவ்வளவுதான் பிடித்தது.

ஆண்டு முடிவில் அக்ராவில் ஒருவர் தொண்டையைச் செருமி
வளர்ச்சி விகிதம் வாசிப்பார்.
முழு எண் தங்கத்துக்கு, கோகோவுக்கு,
கைதட்டலுக்கு.
புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில்
ஒரு இலக்கம் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும்.
அதன் முழங்கையில் தீப்பொறித் தழும்பு இருப்பதை
யார் பார்ப்பது?

திடீரென்று தெருவே கூச்சலிட்டது.
மின்சாரம்.
பதினொரு பேரும் ஓடினார்கள்,
தங்கை கணவன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஓடினான்.
"கண்ணைத் திருப்பிக்கொள்" என்று கத்தினாள் செர்வா.
திருப்பினேன்.
எதிர்ச் சுவரெல்லாம் நீல வெளிச்சம் அதிர,
'அனுப்பு' என்பதை அழுத்தினேன்.

சிக்னல் இல்லை.