தமுக்கம் விட்டுப்போச்சு

நீலத் துணிக்கு அந்தப் பக்கம் அவர் முகம்,
இந்தப் பக்கம் அவர் மூளை.
முகத்தோடு ஜெசிந்தாவும், மயக்க மருந்து மெஹருன்னிஸாவும்.
மூளையோடு சீஃபும் நானும்.
உறிஞ்சுகுழாய் பிடித்துப் பிடித்து
என் வலது தோள் மரத்திருந்தது.

ஒச்சப்பன், நாற்பத்து மூன்று, கண்டக்டர்.
விழித்தபடி இருக்க வேண்டும், பேசியபடி இருக்க வேண்டும்.
பேச்சுக்குப் பக்கத்திலேதான் அந்தக் கட்டி,
ஜன்னலோர சீட்டில்
துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி.

ஜெசிந்தா படம் காட்டினாள்.
குடை. சாவி. ஆமை. மறுபடி குடை.
இரண்டு மணி நேரத்தில் சலித்துவிட்டார்.
"ஏம்மா, ஒண்ணாப்புப் பிள்ளையா நானு?"
மெஹருன்னிஸாதான் கேட்டாள்:
"சரிண்ணே, உங்க ரூட்டைச் சொல்லுங்க."

குரலே மாறிவிட்டது.
துணிக்கு இந்தப் பக்கம் கேட்க
ஆள் எழுந்து படியில் நிற்பது போலிருந்தது.
பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம்,
சீஃபின் முனை தொடும், நகரும்,
தமுக்கம், தல்லாகுளம், அவுட்போஸ்ட்,
தொடும், நகரும்,
புதூர், மூணுமாவடி, கடச்சனேந்தல்,
தவமணி சிஸ்டர் பஞ்சு எண்ணுவதும் அந்த வேகத்துக்கு வந்துவிட்டது,
அப்பன்திருப்பதி, அழகர்கோயில்.
"எல்லாரும் எறங்குங்க."
முகமூடிக்குள் சிரித்தோம்.
வண்டி மறுபடி பெரியாரில் கிளம்பியது.
ஐந்து டிரிப், ஆறு டிரிப்.
கட்டி துணுக்குத் துணுக்காகக் கிண்ணத்துக்கு வந்தது.

ஏழாவது டிரிப்.
பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம்.
திக்கல் இல்லை, குளறல் இல்லை.
ஜெசிந்தா தலையாட்டினாள்.
பாளையங்கோட்டைக்காரி, ஊருக்கு வந்து ஒரு மாதம்.
நான் நாகர்கோவில். சீஃப் காரில் வருகிறவர்.
திரையில் அலைகள் ஒழுங்காக ஓடின.

வாளி மாற்ற வந்த பஞ்சவர்ணம்
கதவோரம் நின்றுவிட்டாள்.
அப்பன்திருப்பதியிலிருந்து தினமும் அதே வண்டி.
தியேட்டருக்குள் அவள் பேசி நான் கேட்டதில்லை.
"தமுக்கம் விட்டுப்போச்சு."
வாளியிடம் சொன்ன மாதிரி இருந்தது.

சீஃபின் கை நின்றது.
"யாரது?"
"நான்தான் சார். தமுக்கத்தைச் சொல்லலை."

இன்னொரு தடவை, அண்ணே.
பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம்,
அப்புறம்,
அப்புறம் அந்த, அதான்,
பொருட்காட்சி போடுவாங்கள்ல...

முனையை எடுத்துவிட்டார்.
உப்புநீர் ஊற்றினேன்.
பேராசிரியர், பட்டமேற்படிப்பு, சிஸ்டர், வாளி,
எல்லோரும் அந்த ஸ்டாப்பில் நின்றோம்.
வெளியே சிக்னலில் யாரோ ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.
நான்கு நிமிடம்.
"தமுக்கம்" என்றார் ஒச்சப்பன்,
நாங்கள்தான் ஒளித்து வைத்திருந்த மாதிரி
கோபத்தோடு.

அந்த ஓரத்தில் பட்டாணி அளவு விட்டுவிட்டு
மூடினோம்.
விட்டது சரியா என்று
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

அறுவைக் குறிப்பில் பெயர்கள் எழுதுவது என் வேலை.
சர்ஜன், உதவி, மயக்கவியல், பேச்சுப் பயிற்சி, செவிலியர்.
அதோடு கட்டம் முடிந்துவிடுகிறது.
கீழே ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு இழுத்து
பஞ்சவர்ணம் என்று எழுதினேன்.

சீஃப் பேனாவைத் திறந்தார், படித்தார், நிறுத்தினார்.
"இனிஷியல் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. தவமணி சிஸ்டருக்கும்.
கேட்டு வரப் போனேன்.
ஷிஃப்ட் முடிந்து
அவள் கோரிப்பாளையத்தில்
பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.